எங்கே நிறுத்துவது? ஸ்ரீவைகுண்டத்தில் நின்ற செந்தூர் ரயில், டிசம்பர் 2023: ஒரு நிகழ்வு ஆய்வு

எடுத்துக்கொண்ட நிகழ்வு

2023 டிசம்பர் 17, ஞாயிறு இரவு. திருச்செந்தூரிலிருந்து சென்னை எழும்பூருக்குக் கிளம்பிய செந்தூர் விரைவு ரயில், ஒரு மணி நேரம்கூட ஓடாத நிலையில் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ 800 பயணிகள் இருந்தார்கள். மறுநாள் பகல் முழுக்க அவர்களிடம் மீட்புப் படை போய்ச் சேர முடியவில்லை. 19-ம் தேதிதான் வெளியே வந்தார்கள்.

இந்தச் சம்பவத்தைப் பற்றி அப்போது வந்த செய்திகளில் பெரும்பாலானவை பாராட்டுகள். நிலைய அதிகாரியின் விழிப்புக்கும், பக்கத்து ஊரான புதுக்குடி மக்களின் விருந்தோம்பலுக்கும் கிடைத்த பாராட்டுகள். இரண்டும் தகுதியானவைதான். ஆனால் பாராட்டி முடித்துவிட்டால், அடுத்த பெருமழையில் என்ன செய்வது என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காது. ரயிலை நிறுத்தியது சரியான முடிவு. அதில் விவாதிக்க எதுவும் இல்லை. நிறுத்திய இடம் எப்படிப்பட்டது, நிறுத்திய பிறகு என்ன ஏற்பாடு இருந்தது, ஏன் சாலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் கைவிட்டன என்பவைதான் இந்த ஆய்வு பார்க்க விரும்பும் விஷயங்கள். சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களை இங்கே தரவில்லை. பொறுப்புகளை மட்டும் குறிப்பிடுகிறேன்.

பின்னணி: ஆறும் குளங்களும் தடமும்

தாமிரபரணி பொதிகை மலையில் பிறந்து, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்கள் வழியாக ஓடி, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. நீளமான ஆறு என்று சொல்ல முடியாது. மலையிலிருந்து கடல்வரை மொத்தமே 130 கிலோமீட்டர் அளவுக்குத்தான். மேலே பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகள். கீழே வரும் வழியில் எட்டு அணைக்கட்டுகள். எட்டில் கடைசி, ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு. அங்கிருந்து வடகால், தென்கால் என்று இரண்டு பெரிய வாய்க்கால்கள் பிரிந்து இரு கரையிலும் உள்ள குளங்களை நிரப்புகின்றன. ஒரு குளம் நிரம்பி மறுகால் பாய்ந்தால் அந்தத் தண்ணீர் அடுத்த குளத்துக்குப் போகும். மழை அளவோடு பெய்யும் ஆண்டுகளில் இதைவிட அழகான ஏற்பாடு கிடையாது. அளவு மீறினால் அதே சங்கிலி நமக்கு எதிராக வேலை செய்யும்: மேலே ஒரு கரை உடைந்தால், அந்தத் தண்ணீர் மொத்தமும் ஏற்கெனவே தளும்பிக்கொண்டிருக்கும் அடுத்த குளத்தின் மேல் போய் விழும்.

ஊரின் அமைப்பையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஸ்ரீவைகுண்டம் ஊர் ஆற்றின் வடகரையில் இருக்கிறது. வட்டாட்சியர் அலுவலகம், அரசு மருத்துவமனை, கடைத்தெரு எல்லாம் அந்தப் பக்கம். ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையமோ தென்கரையில், புதுக்குடியை ஒட்டி இருக்கிறது. சாதாரண நாளில் ஆட்டோவில் சில நிமிடத் தூரம். ஆறு கரை புரண்டால் நிலையத்துக்கும் ஊருக்கும் தொடர்பு அறுந்துவிடும். பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டு, பக்கத்திலேயே தாலுகா தலைநகர் இருக்கிறதே என்று வெளியூர்க்காரர் நினைத்துக்கொண்டால் அது அந்த இரவில் பெரிய பிழையாக முடியும்.

திருநெல்வேலி–திருச்செந்தூர் ரயில் தடம் 1923-ல் திறக்கப்பட்டது. பிற்பாடு அகலப்பாதையானது. செய்துங்கநல்லூர், தாதன்குளம், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத், குரும்பூர் என்று தென்கரை ஊர்களை இணைத்துக்கொண்டு போகும் ஒற்றைத் தடம். திருச்செந்தூர் நெடுஞ்சாலையும் பெரும்பாலும் இதன் கூடவே வருகிறது. இரண்டுக்கும் வடக்கே ஆறு. தெற்கே குளங்களும், அவற்றுக்கு அப்பால் மேட்டு நிலமும். தெற்கு மேட்டிலிருந்து இறங்கும் தண்ணீர் ஆற்றைச் சேர வேண்டுமானால், சாலைக் கரையையும் ரயில் கரையையும் தாண்டித்தான் போக வேண்டும். அதற்காகத்தான் சிறுபாலங்கள் இருக்கின்றன. அவற்றின் கண்கள் விழுங்கக்கூடிய அளவைவிட அதிகமாகத் தண்ணீர் வந்தால் இந்தக் கரைகளே அணைகளாகிவிடும். அப்புறம் தண்ணீர் தாழ்வான இடம் பார்த்து மேலேறிக் கடக்கும். கடக்கும் இடத்தை அரிக்கும்.

இன்னொரு சூழலும் உண்டு. டிசம்பர் முதல் வாரத்தில்தான் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்துவிட்டு ஆந்திரக் கரையைக் கடந்திருந்தது. அரசு, மீட்புப் படை, ஊடகம் எல்லாருடைய கவனமும் வடக்கே இருந்தது. அதோடு, இரண்டே வாரங்களில் தெற்கே வந்ததற்குப் பெயர்கூடக் கிடையாது. குமரிக்கடல் பகுதியில் நிலவிய ஒரு வளிமண்டல மேலடுக்குச் சுழற்சி. புயல் என்று ஒரு பெயர் வைத்துவிட்டால் மக்கள் பேச ஆரம்பிப்பார்கள், மெழுகுவத்தி வாங்குவார்கள். சுழற்சி என்றால் அப்படி எதுவும் நடப்பதில்லை.

டிசம்பர் 17, பகல்: தெரிந்ததும் தெரியாததும்

ஞாயிற்றுக்கிழமை என்பதால் திருச்செந்தூர் கோயிலுக்கு வந்தவர்கள் பலர் அன்றிரவு ரயிலில் ஊர் திரும்ப வேண்டியவர்கள். மழை விடாமல் பெய்தது. அதிகனமழைக்கான எச்சரிக்கை இருந்தது.

அதிகனமழை என்ற அந்தச் சொல்லை இங்கே கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும். இந்திய வானிலைத் துறையின் வகைப்பாட்டில் ஒரு நாளில் 20 சென்டிமீட்டரைத் தாண்டினாலே அதிகனமழைதான். அதற்கு மேல் வேறு படி இல்லை. டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் பதிவானவை: காயல்பட்டினம் 95 செ.மீ., திருச்செந்தூர் 69 செ.மீ., ஸ்ரீவைகுண்டம் 62 செ.மீ. 2015 டிசம்பரில் சென்னையை மூழ்கடித்த மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் பதிவானது 49 செ.மீ. தூத்துக்குடி மாவட்டம் மழை மறைவுப் பகுதி; ஓராண்டு முழுவதற்குமான சராசரியே 70 செ.மீ.க்குக் கீழேதான். ஓராண்டில் பெய்ய வேண்டியது ஓரிரவில் பெய்தது என்று சொல்வது அங்கே மிகையாகாது.

21 சென்டிமீட்டருக்கும் 95 சென்டிமீட்டருக்கும் ஒரே சொல், ஒரே சிவப்பு நிறம். எச்சரிக்கை போதுமானதாக இருந்ததா என்று பின்னர் மாநில அரசுக்கும் மத்திய அரசுக்கும் இடையே பெரிய வாக்குவாதம் நடந்தது. இரு தரப்பும் தத்தம் வழியில் சரியாகவே பேசினார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எச்சரிக்கை வந்தது நிஜம். அதைப் படித்த ஒரு வட்டாட்சியரோ நிலைய அதிகாரியோ வருவதன் அளவை அதிலிருந்து ஊகித்திருக்க முடியாது என்பதும் நிஜம்.

மழையின் அளவைத் தண்ணீராக மாற்றிப் பார்த்தால்தான் விளங்கும். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் 62 செ.மீ. மழை என்றால் 62 கோடி லிட்டர் தண்ணீர். குளத்துக் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 22 மில்லியன் கன அடி. தென்கரையில் உள்ள குளங்களுக்கு இப்படிப் பல சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்பு உண்டு. குளத்தில் மிகும் தண்ணீரை வெளியேற்றும் கலுங்குகள் இந்தக் கணக்குக்குக் கட்டப்பட்டவை கிடையாது. மேலே மாஞ்சோலைப் பகுதியிலும் 50 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அணைகளிலிருந்து திறந்த தண்ணீர் ஒருபக்கம். சீவலப்பேரியில் வந்து சேரும் சிற்றாறு போன்ற துணையாறுகளின் வெள்ளம் இன்னொரு பக்கம். இது எதிலும் சேராமல் சமவெளியில் நேரடியாக விழுந்த மழை மூன்றாவது. அணையைத் திறந்ததால் வந்த வெள்ளம் என்ற எளிய விளக்கம் இந்த மூன்றாவதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஸ்ரீவைகுண்டத்துக்கு மேற்கே தடத்தை அறுத்ததில் பெரும்பங்கு அதற்குத்தான் இருந்திருக்க வேண்டும்.

இரவு: நிறுத்தும் முடிவு

ரயில் இரவு எட்டரை மணியை ஒட்டிப் புறப்பட்டு, ஒன்பது மணிக்கு மேல் ஸ்ரீவைகுண்டம் வந்தது. அடுத்த பகுதியில், அதாவது செய்துங்கநல்லூர் நோக்கிய தடத்தில், வெள்ளம் தடத்தை அரித்துவிட்டதாகத் தெரியவந்ததும் நிலைய அதிகாரி ரயிலை மேலே போகவிடவில்லை.

வெளியே இருந்து பார்ப்பவருக்கு இது சாதாரணமாகத் தோன்றலாம். தண்டவாளம் பார்வைக்கு அப்படியேதான் இருந்திருக்கும் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. தண்டவாளத்தையும் அதன் குறுக்குக் கட்டைகளையும் பிடித்து வைத்திருப்பது கீழே கொட்டியிருக்கும் ஜல்லி. கரையின் மேலேறித் தண்ணீர் ஓடும்போது முதலில் ஜல்லி போகும், அப்புறம் மண். தண்டவாளமும் கான்கிரீட் கட்டைகளும் ஒன்றோடொன்று முடுக்கப்பட்டிருப்பதால் விழாமல், கயிற்று ஊஞ்சல் மாதிரி அந்தரத்தில் தொங்கும். வெள்ளம் வடிந்த பின் வெளியான படங்களில் தடம் அப்படித்தான் தெரிந்தது. இருட்டில், மழையில், ஓட்டுநரின் விளக்கு வெளிச்சத்தில் இரண்டு கம்பிகளும் நேராகத் தெரியும். கீழே தரை இல்லை என்பது தெரியாது.

அந்த நேரத்தில் கைவசம் இருந்த வழிகள் மூன்று. மெதுவாக ஓட்டிப் பார்ப்பது முதலாவது. தடத்தின் மேல் தண்ணீர் ஓடுகிறது என்றால், இரண்டு பேர் இரு பக்கமும் இணையாக நடந்து, கம்பால் குத்திப் பார்த்து, கீழே உறுதியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகே ரயிலை நகர்த்தலாம் என்பது ரயில்வேயின் பழைய நடைமுறை. அந்த மழையில் அப்படி நடப்பவர்களே அடித்துச் செல்லப்பட்டிருப்பார்கள். இரண்டாவது, திருச்செந்தூருக்கே திரும்பிவிடுவது. பயணிகளுக்கு இது நல்ல யோசனையாகப் பட்டிருக்கலாம். அங்கே விடுதி உண்டு, கோயில் உண்டு. ஆனால் மழையின் உச்சம் இருந்தது அந்தத் திசையில்தான். சற்று முன் கடந்து வந்த தடம் இன்னும் அப்படியே இருக்கிறது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மறுநாள் காலை மழைக் கணக்கைப் பார்த்தால் இந்த யோசனை எவ்வளவு மோசமாக முடிந்திருக்கும் என்று புரிகிறது.

மூன்றாவது, நிற்பது. அதைத்தான் செய்தார்கள். இந்த முடிவின் வலிமை, அது முழுத் தகவலுக்குக் காத்திருக்கவில்லை என்பதில் இருக்கிறது. எத்தனை மீட்டர் அரித்திருக்கிறது, எவ்வளவு நேரத்தில் சரியாகும் என்பதெல்லாம் அப்போது யாருக்கும் தெரியாது.

நள்ளிரவை ஒட்டி: முந்நூறு பேர் பள்ளிக்கு

அடுத்த முடிவு, பயணிகளை ரயிலிலேயே வைத்திருப்பதா, வேறு இடத்துக்கு மாற்றுவதா என்பது. உள்ளூர் அதிகாரிகள் வாகனம் ஏற்பாடு செய்ய, சுமார் 300 பேர் அருகிலிருந்த ஒரு பள்ளிக்கு மாற்றப்பட்டார்கள். மற்றவர்களையும் கொண்டுபோவதற்குள் பாதை தண்ணீரில் அடைபட்டுவிட்டது. சுமார் 500 பேர் நிலையத்திலும் பெட்டிகளிலும் தங்கினார்கள்.

இந்தப் பிரிவு திட்டமிட்டது இல்லை. சாலை எப்போது மூழ்கியதோ அதுதான் யார் எங்கே இருப்பது என்பதை முடிவு செய்தது. ஆனால் விளைவைப் பார்த்தால், நிலையத்திலேயே இருந்தவர்கள் நிலை அவ்வளவு மோசம் என்று சொல்ல முடியாது. பெட்டிகளில் படுக்கை உண்டு, கழிப்பறை உண்டு, மேலே கூரை உண்டு. நிலையமும் சுற்றியுள்ள வயலைவிட உயரம். பள்ளிக்குப் போனவர்களுக்குக் காய்ந்த தரையும் ஊர்க்காரர்களின் அருகாமையும் கிடைத்தன. இரண்டு இடத்திலுமே உயிருக்கு ஆபத்து இல்லை. உயிருக்கு ஆபத்தாகியிருக்கக்கூடிய ஒரே விஷயம், பாதை அடைபட்ட பிறகும் வாகனத்தை ஓட்டிப் பார்த்திருப்பது. முழங்காலுக்குக் கீழே ஓடும் தண்ணீர்கூட ஒரு காரை நகர்த்திவிடும். சாலையின் ஓரம் அரித்துப்போயிருந்தால் பேருந்துக்கும் அதே கதிதான். அந்த இடத்தில் நிறுத்திக்கொண்டார்கள். ரயிலை நிறுத்தியதற்குக் கிடைத்த கவனம், வாகனங்களை நிறுத்திய இந்த இரண்டாவது முடிவுக்குக் கிடைக்கவில்லை.

டிசம்பர் 18: சாலைகள் ஏன் ஒன்றாகக் கைவிட்டன

திங்கட்கிழமை விடிந்தபோது நிலையத்தைச் சுற்றி வெள்ளம். மின்சாரம் இல்லை. கைப்பேசிக் கோபுரங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. மீட்புப் படையினர் வழியில் வெள்ளத்தில் தடைபட்டு நின்றார்கள். அன்று அவர்களால் நிலையத்தை நெருங்க முடியவில்லை.

வரைபடத்தை விரித்து வைத்துப் பார்த்தால் ஸ்ரீவைகுண்டம் நிலையத்துக்கு வழிகள் இல்லாமல் இல்லை. மேற்கே திருநெல்வேலி, கிழக்கே திருச்செந்தூர், வடக்கே ஆற்றைத் தாண்டித் தூத்துக்குடி. ரயிலும் ஒரு வழி. ஆனால் கிழக்கு–மேற்குச் சாலையும் ரயில் தடமும் ஒரே வெள்ளச் சமவெளியில் பக்கத்துப் பக்கமாக ஓடுகின்றன. எந்தத் தண்ணீர் ஒன்றை அறுக்குமோ அதே தண்ணீர்தான் இன்னொன்றையும் அறுக்கும். வடக்கு வழி ஆற்றைக் கடக்க வேண்டும். மின்கம்பங்களும் இதே சாலையோரத்தில்தான் நடப்பட்டிருக்கின்றன. காகிதத்தில் நான்கு வழி, வெள்ளத்தில் ஒரு வழிகூட இல்லை. அவசரகாலத் திட்டங்களில் மாற்றுப்பாதை என்று எழுதும்போது, அந்த மாற்றுப்பாதையும் அதே ஆற்றின் வெள்ளத்துக்குள் வருகிறதா என்று பார்க்கும் வழக்கம் நம்மிடம் அநேகமாக இல்லை.

பாலங்களும் அதே பாடத்தைத்தான் சொல்லின. கிழக்கே ஏரலில், தாமிரபரணியின் மேல் கட்டிய உயர்மட்டப் பாலத்தை ஊரோடு சேர்க்கும் இணைப்புச் சாலையை வெள்ளம் கொண்டுபோனது. பெரும்பாலான வெள்ளங்களில் நடப்பது இதுதான். தூண்களுக்கு ஆழமான அடித்தளம் போடுகிறோம். இரு முனையிலும் மண் கொட்டி மேடாக்கி, மேலே தார் போட்டு இணைக்கிறோம். ஆறு பாலத்துக்கு அடியில் போக இடம் போதாமல் பக்கவாட்டில் பரவும்போது அந்த மண்மேட்டைத் தின்றுவிட்டு ஓடுகிறது. பாலம் நிற்கும், போக முடியாது.

அன்று ஹெலிகாப்டரில் வந்து உணவுப் பொட்டலங்கள் போட முயன்றார்கள். மோசமான வானிலையில் அதுவும் நினைத்த நேரத்துக்கு நடக்கிற காரியம் இல்லை. 800 பேருக்கு ஒரு வேளைச் சோற்றை வானத்திலிருந்து இறக்குவது எவ்வளவு கடினம் என்பது, செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஊர் உலை வைத்தது

அதுவரை பயணிகளைக் காப்பாற்றியது புதுக்குடி மக்கள். வெள்ளம் அவர்கள் வீடுகளையும் விட்டுவைக்கவில்லை. கடை கிடையாது, மின்சாரம் கிடையாது. வீட்டில் இருந்த அரிசியையும் மற்றதையும் கொண்டுவந்து ஊர்க் கோயிலில் வைத்துச் சமைத்து, நூற்றுக்கணக்கானோருக்குப் பரிமாறினார்கள். குழந்தைகளுக்குப் பால் தேடிக் கொண்டுவந்தார்கள்.

இதை மனிதநேயம் என்று சொல்லி நகர்ந்துவிடுவது எளிது. செயல்பாட்டுக் கண்ணோடு பார்த்தால் இதற்குள் சில விஷயங்கள் இருக்கின்றன. கோயில் கொடைத் திருவிழாவுக்குச் சமைத்துப் பழகிய ஊர்களில் பெரிய பாத்திரங்கள், அடுப்புகள், நூறு பேருக்கு எத்தனை படி அரிசி என்ற கணக்குத் தெரிந்த ஆட்கள் எல்லாம் ஏற்கெனவே இருப்பார்கள். விறகு எங்கே நனையாமல் இருக்கும் என்று தெரியும். யார் சொன்னால் ஊர் கேட்கும் என்பதும் தெரியும். எந்த அரசு ஆணையும் ஓரிரவில் இதை உருவாக்க முடியாது. ஆனால் ஆபத்து எங்கே இருக்கிறது என்றால், இந்த உதவிக்கு ஓர் எல்லை உண்டு. வீட்டு அரிசி எத்தனை நாள் வரும்? இன்னும் இரண்டு நாள் நீடித்திருந்தால் பயணிகளோடு ஊரும் பட்டினி கிடந்திருக்கும். அவர்கள் கொடுத்தது உபரி இல்லை, அந்த வாரத்துக்கு அவர்களுக்கு வேண்டிய உணவு.

பயணிகளை வாட்டியதில் பசிக்கு இணையாக இன்னொன்றும் இருந்தது: செய்தி இல்லாமை. கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. சென்னையில் உறவினர்கள் தவித்தார்கள். முன்பதிவுப் பட்டியல் ரயில்வேயிடம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு, நிலையத்தில் ஒரு செயற்கைக்கோள் தொலைபேசி இருந்திருந்தால், இன்னார் பத்திரமாக இருக்கிறார் என்று வீட்டுக்குச் சொல்ல முடிந்திருக்கும். முன்பதிவில்லாப் பெட்டியில் வந்தவர்களுக்குப் பட்டியலே கிடையாது என்பது தனிச் சிக்கல். ஒரு நோட்டை எடுத்துப் பெயர்களை எழுதிக்கொள்வதுதான் அதற்கு ஒரே வழி.

டிசம்பர் 19: வெளியேற்றம்

செவ்வாயன்று மழை குறைந்து, தண்ணீர் வடியத் தொடங்கியதும் தேசியப் பேரிடர் மீட்புப் படை நிலையத்தை அடைந்தது. கர்ப்பிணி ஒருவரும் சிறு குழந்தையும் உட்படச் சிலர் விமானப் படை ஹெலிகாப்டரில் அழைத்துச் செல்லப்பட்டார்கள். மற்றவர்கள் பேருந்து வரக்கூடிய இடம்வரை வந்து, அங்கிருந்து வாஞ்சி மணியாச்சிக்குப் போய், சிறப்பு ரயிலில் சென்னைக்குப் புறப்பட்டார்கள்.

வாஞ்சி மணியாச்சியைத் தேர்ந்தெடுத்தது கவனிக்க வேண்டியது. திருநெல்வேலியும் பக்கம்தான், ஆனால் அந்த ஊரே வெள்ளத்தில் இருந்தது. மணியாச்சி ஆற்றுச் சமவெளிக்கு வெளியே, வடக்கே, மேட்டில் இருக்கும் சந்திப்பு. பக்கத்தில் எது என்று பார்க்காமல், எது இந்த வெள்ளத்தோடு சம்பந்தமில்லாமல் இருக்கிறது என்று பார்த்திருக்கிறார்கள். முந்தைய நாள் முழுக்கத் தேவைப்பட்ட சிந்தனை இதுதான்.

பிறகு

பயணிகள் மூன்றாம் நாள் வீடு போய்ச் சேர்ந்தார்கள். ஊருக்கு அந்த வசதி இல்லை. வாழையும் நெல்லும் மூழ்கிய வயல்களில் மணல் படிந்திருந்தது. உடைந்த குளங்கள் காலியாகக் கிடந்தன. பெருமழைக்குப் பிறகு பாசனத்துக்குத் தண்ணீர் இல்லாமல் போவது வெளியாருக்கு விசித்திரமாகத் தெரியலாம். கரை உடைந்த குளத்தில் எத்தனை மழை பெய்தாலும் நிற்காது. கடுமையாகப் பாதிக்கப்பட்ட வட்டங்களில் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் நிவாரணத்தை மாநில அரசு அறிவித்தது. சாலைகளில் அறுந்த இடங்களை மண்ணும் கல்லும் கொட்டித் தற்காலிகமாக இணைத்தார்கள். ரயில் தடத்தில் ஜல்லியும் கரையும் திரும்பப் போட்டு முடிக்க ஜனவரி ஆகிவிட்டது. முதல் வாரத்தில்தான் திருச்செந்தூருக்கு மறுபடி ரயில் ஓடியது.

எது மாற வேண்டும்

முதலில் நிறுத்தும் இடம். ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றது நல்லதாகப் போயிற்று: நிலையம் உயரத்தில் இருந்தது, கூப்பிடு தூரத்தில் ஒரு ஊர் இருந்தது, பள்ளி இருந்தது, ஊருக்குச் சமைக்கத் தெரிந்திருந்தது. இவற்றில் எதுவும் முன்கூட்டிச் சரிபார்த்து வைத்ததாகத் தெரியவில்லை. இதே ரயில் இரண்டு நிலையங்களுக்கு நடுவே வயல்வெளியில் நின்றிருந்தால் இந்த ஆய்வு வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கும். ஆற்றுச் சமவெளியில் ஓடும் ஒவ்வொரு தடத்திலும், பெருமழையின்போது ரயிலைப் பிடித்து நிறுத்திவைக்கத் தகுந்த நிலையங்கள் எவை என்று முன்பே குறித்து வைக்கலாம். நடைமேடையின் உயரம், பக்கத்து ஊரின் அளவு, நிலையமும் ஊரும் ஆற்றின் ஒரே கரையில் இருக்கின்றனவா என்ற மூன்றையும் நேரில் போய்ப் பார்த்தால் போதும். சிவப்பு எச்சரிக்கை உள்ள இரவில், அடுத்த நிலையம்வரை தடம் நடந்து பார்க்கப்பட்டது என்ற செய்தி வராமல் இந்த நிலையங்களிலிருந்து ரயில் நகரக் கூடாது என்று வைத்துக்கொண்டால், முடிவு ஒரு தனிமனிதரின் துணிச்சலைச் சார்ந்து இருக்காது. தாமதத்துக்குத் திட்டு வாங்குவதும் அவர் தலையில் விழாது.

அதைவிட முன்னால் புறப்பாட்டிலேயே கேள்வி இருக்கிறது. பயணிகளை இரவு முழுக்கத் திருச்செந்தூரிலேயே வைத்திருப்பது எளிதாக இருந்திருக்காது, அங்கும் வெள்ளம்தான். ஆனாலும் 800 பேரை ஓடும் வண்டியில் ஏற்றிவிடுவதைவிட ஒரு கோயில் நகரத்தில் வைத்துக்கொள்வது மேல். மாலை நேரத்து மழைமானிக் கணக்கு புறப்படும் நிலையத்துக்கு மணிக்கொரு முறை வந்திருந்தால் இந்த யோசனைக்கு அடிப்படை கிடைத்திருக்கும்.

குளங்களின் செய்தியும் தடத்துக்கு வர வேண்டும். கரை கசிகிறது, கலுங்கு கொள்ளவில்லை என்பதை முதலில் அறிபவர் குளத்தைப் பார்த்துக்கொள்ளும் நீர்ப்பாய்ச்சியும் விவசாயிகளும்தான். அது நீர்வளத் துறைக்குப் போய், மாவட்ட நிர்வாகத்துக்குப் போய், ரயில்வே கட்டுப்பாட்டு அறைக்குப் போய், நிலையத்துக்கு வருவதற்குள் தண்ணீர் வந்துவிடுகிறது. தடத்துக்கு மேலே உள்ள குளங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். அந்தந்தக் குளத்தின் நீர்ப்பாய்ச்சியும் அருகிலுள்ள நிலையமும் ஒருவர் எண்ணை ஒருவர் வைத்திருக்க எந்தத் திட்டமும் நிதியும் தேவையில்லை.

சாலை விஷயத்தில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் சாலையை உயர்த்த வேண்டும் என்ற கோரிக்கை எழுகிறது. உயர்த்தினால் அது இன்னும் உயரமான அணையாகும். தெற்குப் பக்கத்து ஊர்களில் தண்ணீர் இன்னும் கூடுதலாக நிற்கும். சிறுபாலங்களின் கண்களை அகலப்படுத்தாமல் மட்டத்தை மட்டும் உயர்த்துவது கெடுதல். சில இடங்களில் சாலையை வேண்டுமென்றே தாழ்த்தி, கான்கிரீட்டில் போட்டு, ஓரங்களைக் கல்லால் கட்டி, வெள்ளம் மேலேறிப் போகட்டும் என்று விட்டுவிடுவது நல்லது. சில மணி நேரம் போக்குவரத்து நிற்கும். ஆனால் தண்ணீர் வடிந்ததும் சாலை அங்கேயே இருக்கும். தார்ச்சாலை அறுந்தால் வாரக்கணக்கில் ஆகிறது. இதை ஊர்க்காரர்களிடம் சொல்லி ஒப்புக்கொள்ள வைப்பது சுலபமில்லை. தரைப்பாலம் என்றாலே பின்தங்கிய ஊர் என்ற எண்ணம் வந்துவிட்டது.

கடைசியாக உணவு. புதுக்குடி செய்ததை அடுத்த முறையும் ஓர் ஊர் செய்யும், அதில் சந்தேகமில்லை. அதன் சுமையை ஊர் மட்டும் தாங்க வேண்டியதில்லை. ரேஷன் கடையிலும் பள்ளிச் சத்துணவுக் கூடத்திலும் அரிசியும் பருப்பும் எண்ணெயும் எப்போதும் இருக்கின்றன. வெள்ளத்தில் தொடர்பு அறுந்தால், மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருக்காமல், ஊராட்சித் தலைவரும் தலைமையாசிரியரும் சேர்ந்து அந்த இருப்பைத் திறந்து, கணக்கெழுதி வைத்துப் பயன்படுத்தலாம் என்று ஒரு நிலையான ஆணை இருந்தால் போதும். பிறகு அதை ஈடுகட்டிவிடலாம். அதோடு, அந்த இரண்டு நாளில் தங்கள் வீட்டு அரிசியைக் கொட்டிய குடும்பங்களுக்கு, வெள்ள நிவாரணத்தோடு கலக்காமல், கொடுத்த அரிசியைக் கணக்குப் பார்த்துத் திருப்பித் தருவதற்கும் அதே ஆணையில் ஒரு வரி சேர்க்க வேண்டும்.